அக்கினி என்று சொன்னார்கள்

பிரசங்கியார் "இரண்டாவதாக" என்று சொல்லிவிட்டார், அப்படியென்றால் இன்னும் மூன்றாவதாக ஒன்று, அதற்கு மேல் முடிவாக ஒன்று, அதுவும் முடிந்தால் சாந்தபாய் டீச்சர் முன் பெஞ்சிலிருந்து திரும்பி எனக்குக் கண்ணைக் காட்டுவாள், நான் எழுந்து போய் மைக்குக்கு முன்னால் நின்று என் மேல் பரிசுத்த ஆவியின் அக்கினி இறங்கிய சாட்சியைச் சொல்ல வேண்டும். இறங்கியது அக்கினியே இல்லை என்று வியாழக்கிழமையே எனக்குத் தெரிந்துபோயிற்று. இந்தக் கோயிலில் அது ஆண்டவருக்கும் எனக்கும், சொல்லியும் நம்பாத ஒருத்திக்கும் மட்டும்தான் தெரியும், என் வீட்டுக்காரர் அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கோயில் என்றால் எங்கள் சீயோன்புரத்தில் சர்ச்சுதான், சர்ச் என்று சொல்கிறவர்கள் மெட்ராஸிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்கள். இன்று ஸ்தோத்திரப் பண்டிகை, விளைந்ததைக் கோயிலுக்குப் படைக்கிற நாள், தூண்தோறும் வாழைத்தார் கட்டி, ஆல்டர் பீடத்துப் படியில் சேனைக்கிழங்கும் இளநீரும் புடலங்காயும் குவித்து, யாரோ நேர்ந்துகொண்ட ஒரு வெடைக்கோழியைக் காலைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், பிரசங்கியார் மூச்சு வாங்குகிற இடமாகப் பார்த்து அது கொக்கரிக்கிறது, அவரைவிட அதற்கு நேரம் தெரிந்திருக்கிறது. பயமா என்று கேட்டால் பயமும்தான், ஆனால் பாதிக்கு மேல் குதூகலம். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத விடை எனக்கு மட்டும் தெரிந்துவிட்டால் கையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து பாதி எழுந்து நிற்பேன், டீச்சர் என்னைப் பார்க்க மாட்டாளா என்று உடம்பே துடிக்கும், அந்தக் குதூகலம் இந்த ஐம்பதாவது வயசில் திரும்பி வந்து பெஞ்சில் இருப்புக் கொள்ளாமல் என்னை நெளிய வைக்கிறது. பக்கத்தில் இருக்கிற ஜெயசீலி அக்கா நான் ஆவியில் நிறைந்திருக்கிறேன் என்று நினைத்து மரியாதையாக ஒரு ஜாண் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நல்லதுதான், கொஞ்சம் காற்று வருகிறது. மின்விசிறிகள் எல்லாம் ஆண்கள் பக்கம்தான் சுற்றுகின்றன, நம் பக்கத்து விசிறி சுற்றுவதுபோல ஒரு பாவனை செய்துகொண்டிருக்கிறது.

எல்லாம் நாலைந்து மாசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஆரம்பித்தது. சாந்தபாய் டீச்சர் வீட்டு முன்னறை, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பாதிப்பேர் பாயில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம், அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடுகிறது என்று டீச்சர் சன்னலை எல்லாம் அடைத்துவிட்டாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. டீச்சர் ரிட்டையர் ஆனதிலிருந்து, எங்கள் சபை குளிர்ந்து கிடக்கிறது, அதை அனலாக்க வேண்டும் என்று ஒரே பாரம் அவளுக்கு. அக்கினியை அனுப்பும், இப்போதே அனுப்பும் என்று அவள் கேட்க, நாங்களும் கேட்க, எனக்கு நெஞ்சுக்குழியில் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. அடுப்பில் கரி பிடிக்கிற மாதிரி முதலில் ஒரு சிவப்பு, அப்புறம் சரசரவென்று கழுத்து, காது, முகம், தலை உச்சி. மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் வேர்வை. நெஞ்சு அடிக்கிற அடியில் ஜாக்கெட்டே ஆடுகிறது. "ஐயோ எரியுதே, எரியுதே" என்று எழுந்து நின்று முந்தானையை உதறினேன். நான் கேட்க நினைத்தது சன்னலைத் திறந்துவிடுங்கள் என்பது. ஆனால் அதற்குள் டீச்சர் "இறங்கிட்டு! இறங்கிட்டு!" என்று கத்தினாள். ஒருத்தி என் கையைப் பிடித்துப் பார்த்து "சுடுதுக்கா, தொட்டுப் பாருங்க" என்றாள். எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் அழுதார்கள். இருபது பேர் அழுது கொண்டாடும்போது எனக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது, தவிரவும் எனக்கே அப்போது அது என்னவென்று தெரியாது. கேட்டோம், கொடுத்தார், என் மேல் கொடுத்தார் என்றுதான் நம்பினேன். இந்த ஊரில் முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன், எப்சிபா நல்லாத் தைப்பா, ஆனா சொன்ன நாளைக்குத் தர மாட்டா என்பதற்கு மேல் என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு எல்லாரும் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பொய் சொல்லவில்லை, தித்தித்தது.

அதற்குப் பிறகு என் தையல் கடையில் ஒரே கூட்டம். மகனுக்கு விசா வரணும் என்று ஒருத்தி, மாட்டுக்குப் பால் வற்றிப்போச்சு என்று ஒருத்தி, ஜெபமும் செய்துகொண்டு அப்படியே புடவையையும் ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அத்தான்கூடக் காபியில் சர்க்கரை குறைந்தால் முன்னைப்போலச் சத்தம் போடுவதில்லை, எதற்கு வம்பு என்று குடித்துவிடுகிறார். ஆனால் அக்கினி அதோடு நிற்கவில்லை. பஸ்ஸில் வந்தது. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசும்போது வந்தது. ஒருநாள் சாளை மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது வந்து, சட்டுவத்தைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாசலில் போய் நின்றேன், ஆண்டவரே, மீன் பொரிக்கும்போது எதற்கு என்று வாய்விட்டே கேட்டேன். தூக்கத்தில் வந்தால் படுக்கை நனைந்துவிடும், எழுந்து உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், அம்மா இப்படித்தான் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கை எனக்கு. அம்மாவின் நகம்கூட எனக்கு. நெஞ்சும் அவளுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்து நினைத்து மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பேன். விரல் கணு காலையில் மடங்காது, கத்தரி பிடிக்க வெந்நீரில் கையை முக்க வேண்டியிருந்தது. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க வந்த பெண் நூலைச் சிக்கலாக்கிவிட்டாள் என்று நான் கத்திய கத்தலில் அவள் அழுதுகொண்டு போனாள், அப்புறம் நானும் தையல் மெஷின்மேல் தலையை வைத்துச் சும்மாவே அழுதேன். ஆவி வந்தவளுக்குச் சாந்தமல்லவா வரவேண்டும், எனக்கு மட்டும் ஏன் பேய்க்கோபம் வருகிறது, வந்தது நல்லதுதானா, இல்லை வேறு ஏதாவதா என்று பயந்தேன். அதை யாரிடம் சொல்ல முடியும். ஜெபம் கேட்க வருகிறவர்களிடமா?

இதோ வருகிறது. நினைத்தாலே வந்துவிடும், நெஞ்சுக்குழியில் அந்த முதல் சிவப்பு. வா, வா, இப்போது உன்னை எனக்குத் தெரியும். பாளையங்கோட்டை டாக்டர் மெஹருன்னிசா சொன்ன மாதிரியே படிப்படியாக ஏறுகிறாயே, கழுத்துக்கு வந்துவிட்டாய், அடுத்து காது. போன வாரம் நெஞ்சு டாக்டரிடம் போனேன், வயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்து நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, நீங்கள் ஒரு பொம்பளை டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார், இந்த வியாழக்கிழமை போனேன். மெஹருன்னிசா அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும், முக்காட்டுக்கு மேல் கண்ணாடி. நான் அக்கினி கதையை மறைத்து மற்றதெல்லாம் ஒப்பிக்க ஒப்பிக்க அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், கடைசியில், "கடைசியா தீட்டு வந்தது எப்போம்மா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் ஒரு மாசம் வரும், ரெண்டு மாசம் வராது, அப்புறம் ஒரேயடியாகக் கொட்டும். வயசு ஆச்சு, நிற்கப்போகிறது என்று தெரியும், ஆனால் நிற்பது என்றால் குழாயை மூடுகிற மாதிரி சும்மா நின்றுவிடும் என்றல்லவா நினைத்திருந்தேன். "ஈஸ்ட்ரோஜன்னு ஒரு சுரப்பு இருக்கு," என்றாள் அந்தம்மா, "வயசுக்கு வந்ததிலிருந்து உங்க உடம்பு முழுக்க அதோட ராஜ்ஜியம்தான். எலும்பு, தோலு, தூக்கம், மனசு எல்லாத்துலயும் அதுக்கு வேலை இருக்கு. இப்போ முட்டைப்பை ஓய்வெடுக்கப் போகுது. போகிறது ஒழுங்கா போகாது. ஒரு மாசம் சுரப்பு அளவுக்கு மேல, ஒரு மாசம் ஒண்ணுமே இல்ல. மூளையில உடம்புச் சூட்டைப் பார்த்துக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அது இந்த ஆட்டத்துல குழம்பிப் போயிருது. லேசா ஒரு சூடு ஏறினாலும் ஐயோ வெந்துபோறோம்னு நினைச்சு ரத்தத்தையெல்லாம் தோலுக்கு அனுப்பி வேர்வையைக் கொட்டிக் குளிர வைக்கப் பார்க்குது. அவ்வளவுதான் விஷயம். படபடப்பு, தூக்கம் இல்லாதது, கை மடங்காதது, சும்மா சும்மா அழுகிறது எல்லாம் இதோட கூட்டாளிங்கதான்." அவ்வளவுதான் விஷயம்! சன்னல் அடைத்த அறை, பட்டினி, இருபது பேர் மூச்சு, லேசா ஒரு சூடு. நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நான் சாகப்போவதில்லை. எனக்குப் பைத்தியம் இல்லை. பேயும் இல்லை. மேசையைத் தாண்டிப் போய் அந்தம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, இதற்கு மருந்தும் இருக்கிறதாம், குறைகிற சுரப்பையே மருந்தாகக் கொடுப்பார்களாம், ஆனால் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, மார்பு, ரத்தக்கொதிப்பு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன், அதற்குள் தினம் நடங்க, எலும்புக்குக் கால்சியம், ராத்திரி காபியை விடுங்க என்றாள். காபியை விடச் சொன்னதுதான் கொஞ்சம் சிரமம்.

வருகிற வழியெல்லாம் பஸ் சன்னலோரம் உட்கார்ந்து ஊர்ப் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தேன். என் இஞ்சு டேப்புக்குத் தெரியாத உடம்பு எங்கள் ஊரில் கிடையாது. ஒருத்தி நாற்பத்தைந்தைத் தாண்டினால் கை காலெல்லாம் அப்படியே இருக்கும், வயிறு மட்டும் ரெண்டு இஞ்சு கூடி வரும், சாப்பாட்டைக் குறைக்கேன் எப்சி, ஆனாலும் ஏறுது என்பாள். கழுத்தை இறக்கி வை, கையைத் தளர்த்து, அந்த வழவழத் துணி லைனிங் வேண்டாம், பருத்தி போடு, பிசுபிசுங்குது என்பாள். பிரித்துத் தைக்க வரும் பழைய ஜாக்கெட்டின் முதுகில் உப்புப் பூத்திருக்கும். எல்லாரும்! பால்காரர் வீட்டம்மா, சத்துணவு ரோஸ்லின், ஐயர் வீட்டம்மாகூட, எங்கள் ஊரில் ஐயர் என்றால் போதகர்தான், அந்த அம்மாவுக்குப் போன வருஷம் நான் கழுத்து இறக்கித் தைத்தேன். இவள் இதனால்தான் மருமகளோடு சண்டை போட்டாளா, அவள் இதனால்தான் ராத்திரியெல்லாம் வாசலில் உலாத்தினாளா, பத்திரகாளி வந்துட்டா அவளுக்கு என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானே. ஆளுக்கொரு மூலையில் அழுதிருக்கிறோம், அளவு மட்டும் என்னிடம் வந்திருக்கிறது. பஸ்ஸை நிறுத்தி இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்கு இந்த வயசில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நினைக்கவேயில்லை, அதுவும் டாக்டரிடம் போய்விட்டு வரும்போது.

"மூன்றாவதாக" என்கிறார். கோழி ஆமென் சொல்கிறது. ஆனால் அந்த சந்தோஷத்தில் ஒரு முள், அதைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன், தொடாமல் வருகிறேன். நான் எழுந்து கிளம்பும்போது, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு, மெஹருன்னிசா அம்மா கூப்பிட்டுச் சொன்னாள், "உங்க கடைக்கு நிறையப் பொம்பளைங்க வருவாங்கல்ல, ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க. ஒரேயடியா நின்னு ஒரு வருஷம் தாண்டினதுக்கு அப்புறம் மறுபடி பட்டா, ஒரு சொட்டா இருந்தாலும், உடனே காட்டணும். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா சில பேருக்குக் கர்ப்பப்பையில புற்று அப்படித்தான் தலை காட்டும். சீக்கிரம் பார்த்தா முழுசா எடுத்துரலாம். தள்ளிப் போடக் கூடாது." அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. லீதியாள் மைனி. என் அண்ணன் தர்மராஜ் பெண்டாட்டி, அதோ மூன்றாம் பெஞ்சில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, ரோஜாப்பூ நிறத்தில் புதுச்சேலை, ஐம்பத்துநாலு வயசு, கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லை என்று ரெண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஊரில் ஒரு தொட்டில் விழா விடாமல் போய்த் தாலாட்டுப் பாடுகிறவள் அவள்தான். முட்டுவலிக்கு ஜெபம் கேட்டு வந்தாள், என் சுடுகிற கையை அவள் தலையில் வைத்து ஜெபித்தேன். அடுத்த மாசம் கடைக்கு வந்தாள், அளவெடுக்கிற மறைப்புத் திரையை இழுத்துவிட்டாள், என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எட்டி எப்சி, எனக்குத் திரும்ப வந்துட்டுட்டி," என்றாள். எனக்குப் புரியவில்லை. "நின்னு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுல்லா? வந்துட்டு. கர்த்தர் என் வயச திருப்பித் தந்துட்டாரு. நீ கை வச்சேல்லா?" வேதத்தில் வயசான காலத்தில் பிள்ளை பெற்ற அம்மாமார் இல்லையா என்று அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டியதில்லை, கண் கேட்டது. நானும் அழுதேன். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். அண்ணன் அன்றிலிருந்து தினம் மாதுளம்பழம் வாங்கி வருகிறான், தானே உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிறான். அறுபது வயசு ஆம்பளை.

வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்கவில்லை. மைனி, டாக்டரைப் பார்த்திருவோம், அந்தம்மா ஞாயித்துக்கிழமைகூட மத்தியானம் வரை ஆஸ்பத்திரியில இருப்பாவ, எனக்கு வந்ததே அக்கினி இல்ல, எனக்கும் அது நிக்கப்போகுது, அந்தச் சூடுதான் என்றேன். மைனி சிரித்துவிட்டு என் வாயைப் பொத்தினாள், கையில் மாதுளை மணம். "சாத்தான் உன்னய சோதிக்கான்ட்டி. வரம் கெடச்சவங்களுக்குத்தான் சந்தேகம் வரும், டீச்சர் சொன்னாவல்லா? டாக்டர்ட்ட போனேன்னு வையி, நான் நம்பலைன்னு ஆயிரும். ஞாயித்துக்கிழமை நீ சாட்சி சொல்லு, நான் முன்னால இருந்து கேக்கேன்." நான் சாமியாகிவிட்ட பிறகு வெறும் எப்சியாக நான் சொல்வதை அவள் எப்படிக் கேட்பாள்? சாமி சொன்னது ஜெயித்துவிட்டது, எப்சி சொல்வது எடுபடவில்லை. அண்ணனிடம் போகலாம் என்று வாசல் வரை வந்தேன், அவன் திண்டில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தான், திரும்பி வந்துவிட்டேன். ஆக, அந்தச் சாமியை எல்லார் முன்னாலும் இறக்கி வைத்தால்தான் உண்டு. எல்லார் முன்னாலும். ஆண்கள் பக்கத்தில் அத்தான் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்கிறார், அதாவது தூங்குகிறார், நான் சொல்லப்போவதைக் கேட்டால் ஆயுசுக்கும் தூக்கம் வராது. எந்த வார்த்தையைச் சொல்வது, அது வேறு. தீட்டு என்று கோயிலுக்குள் சொல்லலாமா? மாதவிலக்கு என்றால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. வீட்டுக்குத் தூரம் என்று அம்மா சொல்வாள், அதைச் சொன்னால் ஆண்டவர் வீட்டுக்குள் நின்றுகொண்டு தூரம் என்கிறாளே என்று யாராவது சிரிப்பார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால் என்ன? டீச்சர் பனங்கற்கண்டு தருவாள், அடுத்த ஞாயிறு சொல் என்பாள், மைனிக்கு இன்னும் ஏழு நாள் போகும். அந்த ஏழு நாளும் எனக்கு மரியாதை இருக்கும், கடையில் கூட்டம் இருக்கும். சீ. ஆனால் நான் சொன்னால் அவளுக்கு அந்தப் பிள்ளை போய்விடும். வயிற்றில் இல்லாத பிள்ளைதான், இருந்தாலும் முகத்தில் இருக்கிறது, பாருங்களேன், புதுச்சேலை கட்டி, பூ வைத்து, பிரசங்கியார் கனி என்று சொல்லும்போதெல்லாம் லேசாகச் சிரித்துக்கொள்கிறாள். அதை நான் பிடுங்க வேண்டும். நான்தான் கை வைத்தேன், நான்தான் பிடுங்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் இருக்காது என்று சொன்னாளே டாக்டர், மைனி அந்த முக்காலில் இருக்கட்டும் ஆண்டவரே, இதுவரை நான் உம்மிடம் கேட்ட ஜெபத்திலெல்லாம் இது ஒன்றைத்தான் நிஜமாகக் கேட்கிறேன். பிரசங்கியார் "முடிவாக" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்துப் பிரசங்கியார்கள் முடிவாக என்றால் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது என்று அர்த்தம், இவர் மட்டும் அதிசயமாக உண்மையிலேயே முடித்துவிட்டார். டீச்சர் திரும்புகிறாள். கண்ணைக் காட்டுகிறாள்.

நான் எழுந்தேன், எழுந்தபோதே அது மறுபடி பற்றிக்கொண்டது, ஒன்று அணைவதற்குள் இன்னொன்று. நடைபாதையில் போகும்போது ரெண்டு பக்கமும் பெண்கள் என் முகத்தைப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார்கள், அப்படிச் சிவந்திருக்கும்போல. மைக்கின் முன்னால் நின்றேன். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது. "அக்கினி!" என்றாள் டீச்சர் மெதுவாக.

"அக்கினி இல்ல டீச்சர்," என்றேன். ஸ்பீக்கர் என் குரலை வெளியே பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோனது. "நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா இது என் உடம்பு. எனக்கு வயசு ஐம்பது. எனக்குத் தீட்டு நிக்கப்போகுது. அது நிக்கும்போது உடம்புக்குள்ள ஒரு சுரப்பு கூடிக் குறையும், அதனால இந்தச் சூடு வரும், வேர்க்கும், நெஞ்சு அடிக்கும், கோவம் வரும், தூக்கம் போவும்." அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது, எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, சொல்லச் சொல்ல ஒரு சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது. ஆண்கள் பக்கம் எல்லாரும் தங்கள் கால் பெருவிரலைப் பார்த்தார்கள். அத்தான் முழித்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள், ஆனால் சத்துணவு ரோஸ்லின் சிரிக்கவில்லை, வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தாள். டீச்சர் எழுந்து, "சகோதரி, சாட்சிய மட்டும் சொல்லுங்க," என்றாள், பாவம், அவளும் இந்த அக்கினிக்காக எத்தனை வருஷம் பட்டினி கிடந்தாள். "இதுதான் டீச்சர் சாட்சி," என்றேன். "நான் சாகப்போறேன்னு பயந்தேன். சாகலை. ஆண்டவர் ஒரு நல்ல டாக்டர்ட்ட அனுப்பினாரு. அவ்வோ ஒண்ணு சொல்லச் சொன்னாவ, அதச் சொல்லிட்டு உக்காருதேன்." மைனியைப் பார்த்தால் எல்லார் கண்ணும் அங்கே போகும், அதனால் பின்சுவரைப் பார்த்துச் சொன்னேன். "ஒரேயடியா நின்னு ஒரு வருசம் ஆனபொறவு யாருக்காவது மறுபடி பட்டா, அது அதிசயம்னு நெனைக்காதீங்க. உடனே டாக்டரப் பாருங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் பாக்கணும்."

மூன்றாம் பெஞ்சில் ரோஜாப்பூ நிறம் எழுந்தது. கோபித்துக்கொண்டு வெளியே போகிறாள் என்று நினைத்தேன், போனால் போகட்டும், பின்னாலேயே வீட்டுக்குப் போய்க் காலில் விழுவோம் என்று நினைத்தேன். அவள் முன்னால் வந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இத்தனை நேரம் நான் ஒளித்து வைத்ததையெல்லாம் தானே வெட்டவெளிக்குக் கொண்டுவருவதுபோல நடந்து என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று குனிந்து கேட்டாள். மைக் திறந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

"அப்போ பிள்ள இல்லையாட்டி?"

கோயில் முழுக்க அது கேட்டது, வெளியே தென்னை மரத்து ஸ்பீக்கரிலும் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் அண்ணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"இல்ல மைனி," என்றேன்.

மைனியின் கண் நிறையவில்லை, என் கண்தான் நிறைந்தது. அப்புறம் அந்தப் புதுச்சேலை முந்தானையை எடுத்து என் நெற்றியைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், காதுக்குப் பின்னால் துடைத்தாள். "ரொம்ப வேர்க்குதுட்டி உனக்கு," என்றாள். "வா, அந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போதே போயிருவோம்."